மனு கொடுக்க 5,000 டாலரா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். அமெரிக்கப் பொது நிலத்தை எண்ணெய், எரிவாயு எடுக்கக் குத்தகைக்கு விடும்போது, அதை ஆட்சேபித்து மனு கொடுப்பவரிடம் கட்டணம் வாங்கலாமா என்பதுதான் வழக்கு. கூடவே கூடாது என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கட்டணம் வைத்தால்தான் வெட்டி மனுக்கள் குறையும். அதையெல்லாம் படிக்கிற ஊழியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?" என்றார். சரி, எவ்வளவு கட்டணம் என்று சொன்னாரா? நான் சொல்கிறேன். அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொலராடோ மாநிலத்தின் உறுப்பினராக இருந்த டக் லாம்பார்ன் 2012இல் கொண்டுவந்த மசோதாவில் ஒரு மனுவுக்கு 5,000 டாலர்! அந்த ஏற்பாட்டைப் பிரதிநிதிகள் சபை 2012லும் 2013லும் நிறைவேற்றியது. மேலவையான செனட்டைத் தாண்டாததால் பிழைத்தோம்.

அப்போது ஏலத்தின் ஆரம்ப விலை ஏக்கருக்கு 2 டாலர். அலாஸ்காவை விட்டுவிட்டால் ஒரு குத்தகைக்கு உச்சவரம்பு 2,560 ஏக்கர். பெருக்கிப் பாருங்கள் ஐயா, 5,120 டாலர். அவ்வளவு நிலத்துக்கும் ஏலம் கேட்கிற தொகையும், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற தொகையும் ஏறக்குறைய ஒன்று. இன்ன நிலத்தை ஏலத்தில் சேருங்கள் என்று கம்பெனி கேட்பதற்கோ 2022 வரை கட்டணமே கிடையாது.

மனு எழுதுகிறவர் யார்? மேற்கு மாநிலங்களில் பல இடங்களில் மேல்மண் விவசாயிக்குச் சொந்தம், அடியிலுள்ள கனிமம் அரசுக்குச் சொந்தம். 1916ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. தன் காலடியை ஏலம் விடுகிறார்கள் என்றால் அவர் பேசாமல் இருப்பாரா?

அதே கொலராடோவில் நார்த் ஃபோர்க் பள்ளத்தாக்கு இருக்கிறது. பீச், செர்ரி, ஆப்பிள் தோட்டங்கள், வாய்க்கால் பாசனம். அந்த நிலங்களை ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். எந்த வாய்க்கால் எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்பது ஊர்க்காரருக்குத்தானே தெரியும்? ஊரே திரண்டு எழுதியது. நில மேலாண்மைத் துறை 2012இல் அவற்றை விலக்கியது. திரும்பச் சேர்த்து, 2013 பிப்ரவரியில் மறுபடியும் விலக்கியது. அவை வெட்டி மனுக்களா?

அந்த இரண்டாவது ஏலத்துக்கு ஆட்சேபம் எழுதியது பனிக்காலத்தில். பீச் மரங்கள் மொட்டையாக நிற்கும் நேரம். பழம் விற்ற காசு கைக்கு வர ஜூலை, ஆகஸ்ட் ஆகும். ஏலத்துக்கோ சில வாரங்கள்தான் இருந்தன. அந்த விவசாயி 5,000 டாலருக்கு யாரிடம் போய் நிற்பார்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும், நடுவர் அவர்களே.