ஒநேசிமுவுக்கு எந்த வாசல்?

தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் சேகரகுருவானவர் அவர்களே, காலையிலிருந்து பந்தல் வேலை பார்த்த வாலிபர் சங்கத் தம்பிகளே, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஆதித் திருச்சபையும் அடிமைத்தனமும் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். பிலேமோன் என்ற எஜமானுக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதம், வேதத்தின் மற்ற நிருபங்களில், அதாவது கடிதங்களில், எஜமானுக்கும் அடிமைக்கும் சொன்ன புத்திமதி, அப்புறம் நிசாவின் ஆயர் கிரெகோரி.

அந்தக் கடிதம் 25 வசனம்தான். பிலேமோன் வீட்டிலேயே சபை கூடியது. அந்த வீட்டு அடிமை ஒநேசிமு. காவலில் இருந்த பவுல் அவனைத் திருப்பி அனுப்புகிறார். இனி அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அவன் கடன்பட்டிருந்தால் நான் தருகிறேன் என்று தன் கைப்பட எழுதுகிறார். ஆனால் 'விடுதலை செய்' என்று நேராக ஓர் இடத்திலும் சொல்லவில்லை. சபை கலைந்த பிறகு அந்த வீட்டில் பாத்திரம் கழுவியது யார்? என் ஆச்சி சொல்வாள், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று.

கலாத்தியர் நிருபம் 3:28 அடிமையும் இல்லை, சுயாதீனனும் இல்லை என்கிறது. எபேசியர் 6:5 எஜமானுக்குக் கீழ்ப்படி என்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே 'வேலைக்காரரே' என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் இருப்பது அடிமை என்ற சொல்தான். 1 தீமோத்தேயு 6:2 இன்னும் ஒரு படி போகிறது. எஜமான் சகோதரன் என்பதால் அவனுக்கு இன்னும் அதிகமாக உழைக்க வேண்டுமாம்! சகோதரத்துவம் யார் தோளில் பாரமாக ஏறியது, பாருங்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் 40 வருடம் மணி அடித்தார் ஒரு தாத்தா. கயிறு பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். நாங்கள் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்ப்போம், சிரிப்பார். ஐப்பசி மழையில் இறந்தார். கோயிலை ஒட்டியே கல்லறைத் தோட்டம், இருபது அடி தூரம்கூட இல்லை. ஆனால் நடுவில் சுவர். சுவரில் இருந்த வாசல் 'அவர்களுக்கு' இல்லை. முழங்கால் சேற்றில் வாய்க்காலைச் சுற்றிப் பெட்டியைத் தூக்கிப்போனோம். ஒருவர் வழுக்கி விழ, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அவருடைய பேரன் ஓடிவந்து தலையால் முட்டுக் கொடுத்தான். அவனுக்குப் பத்து வயது. அன்றைக்கும் குருவானவர் வாசித்தது கலாத்தியர்தான். ஏட்டுச் சுரைக்காய், ஐயா, ஏட்டுச் சுரைக்காய்!

கடவுளின் சாயலை என்ன விலை கொடுத்து வாங்கினாய் என்று 4ஆம் நூற்றாண்டிலேயே எஜமான்களைக் கேட்ட ஆயர் கிரெகோரி. அவரைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன். தலைவர் ஐயா கடிகாரம் பார்க்கிறார்.

அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. இடிக்கச் சொல்லும் மனு, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பவுல் தன் கைப்பட எழுதினார். நீங்களும் எழுதுங்கள். பேனா வாலிபர் சங்கத் தம்பிகளிடம் இருக்கிறது.