இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வெளிவந்த ஆல்பம்: 2016இல் என் மனம் கவர்ந்த ராக், பாப் இசை

வணக்கம். 2016ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி, தம்முடைய 69ஆவது பிறந்த நாளில், டேவிட் போவி ‘பிளாக்ஸ்டார்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். ஜனவரி 10ஆம் தேதி அவர் காலமானார். அவருக்குக் கல்லீரல் புற்றுநோய் இருந்தது நெருங்கிய சிலருக்கு மட்டுமே தெரியும். வெள்ளிக்கிழமை புதிய பாட்டாகக் கேட்டு ரசித்தவர்கள், திங்கட்கிழமை அதே பாட்டை ஒரு மனிதரின் விடைபெறுதலாகக் கேட்டு உறைந்துபோனார்கள்.

அந்த ஆண்டில் வந்தவற்றுள் இன்றுவரை நான் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆல்பங்களைப் பற்றியது இந்த வீடியோ. முதலிடம் ‘பிளாக்ஸ்டா’ருக்குத்தான். மதுரைப் பக்கத்துக் காதுகளுக்கு அது ஏன் அவ்வளவு நெருக்கமாக ஒலிக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன். முடிந்தால் ஹெட்போன் அணிந்துகொள்ளுங்கள்.

போவி 1947இல் லண்டனில் பிறந்தவர். 1960களில் பாடத் தொடங்கி, ஒரே பாணியில் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தவர். இந்த அறிமுகம் போதும், பாட்டுக்கு வருவோம்.

தம் கடைசி ஆல்பத்துக்கு அவர் ராக் இசைக்குழு எதையும் தேடவில்லை. நியூயார்க்கில் ஒரு சிறிய மதுக்கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்த டானி மெக்காஸ்லின் என்ற சாக்ஸபோன் கலைஞரையும் அவருடைய ஜாஸ் குழுவையும் கேட்டுவிட்டு, அவர்களையே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். மொத்தம் ஏழு பாடல்கள், ஏறத்தாழ 41 நிமிடங்கள். முதல் பாட்டு மட்டுமே பத்து நிமிடத்தை நெருங்குகிறது. அதில் மார்க் குலியானாவின் டிரம்ஸைக் கவனியுங்கள். அடிகள் வெட்டி வெட்டி, படபடவென்று விழுகின்றன. அதற்கு மேலே போவியின் குரல் எந்த அவசரமும் இல்லாமல், நீண்டு இழைந்து போகிறது.

[காட்சி: வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சும் கைகள்]

மேலூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்; மூச்சு இருக்கும்வரை இழுத்து, விம்மலில் உடையும் பாட்டு அது. வெளியே பந்தலடியில் பறையைத் தீயில் காட்டி, தோல் விறைத்ததும் அடிக்கத் தொடங்கினார்கள். இளவட்டங்கள் ஆடினார்கள். உள்ளே இருந்த குரல் வெளியே கேட்ட அடிக்காக வேகம் எடுக்கவில்லை; அந்த அடியும் குரலுக்காகக் காத்திருக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டன. ‘பிளாக்ஸ்டா’ரை முதன்முதலாகக் கேட்டபோது நான் அந்தத் திண்ணைக்கே போய்விட்டேன். மரணத்தைப் பற்றிய பாட்டு என்றால் மெதுவான பியானோவும் வயலினும் இருக்க வேண்டும் என்று பழகியவர்களுக்கு இந்த டிரம்ஸ் புதிராக இருக்கலாம். சாவுக்குக் கொட்டு அடிக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அதில் புதிர் ஏதும் இல்லை.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஒப்பாரி, இருப்பவர்கள் இறந்தவரைப் பற்றிப் பாடுவது. போன உயிரின் பெருமையை அடுக்கிச் சொல்வது. இங்கோ, போகிறவரே பாடுகிறார், தம் பெருமை எதையும் சொல்லாமல். ‘லாசரஸ்’ என்ற பாட்டின் தொடக்கத்திலேயே தாம் வானுலகில் இருப்பதாகவும், நம்மை மேலே பார்க்கும்படியும் சொல்கிறார். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு வெளிவந்த அதன் காணொளியில், கண்களைச் சுற்றிக் கட்டுப் போட்ட நிலையில் கட்டிலில் கிடக்கிறார். முடிவில் பின்பக்கமாகவே நடந்து ஓர் அலமாரிக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இசைத்தட்டின் அட்டையையும் சொல்லியாக வேண்டும். கறுப்பு அட்டையில் நட்சத்திர வடிவில் ஒரு துளை இருக்கும். அட்டையை விரித்து வெயிலில் காட்டினால் உள்ளே விண்மீன் கூட்டம் ஒன்று தெரியும் என்பதை ரசிகர்கள் சில மாதங்கள் கழித்தே கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது, லெனார்ட் கோஹனின் ‘யூ வாண்ட் இட் டார்க்கர்’. அக்டோபர் 21ஆம் தேதி வெளியீடு; நவம்பர் 7ஆம் தேதி, தம் 82ஆவது வயதில், அவரும் மறைந்தார். முதுகுவலியால் வீட்டை விட்டு நகர முடியாத நிலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டிலேயே நாற்காலியில் அமர்ந்து பாடினார்; மகன் ஆடம் உடனிருந்து பதிவு செய்தார். சிறுவயதில் அவர் சென்றுவந்த மான்ட்ரியல் யூதத் தேவாலயத்தின் பாடகர் குழு முதல் பாட்டில் பின்னணி பாடுகிறது. ‘இதோ இருக்கிறேன்’ என்று பொருள்படும் ஹீப்ரு சொல் ஒன்றை அந்தத் தடித்த, கரகரத்த குரல் சொல்லும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது.

மூன்றாவது, ரேடியோஹெட் குழுவின் ‘எ மூன் ஷேப்டு பூல்’. இதன் பதினொரு பாடல்களும் ஆங்கில அகர வரிசையில் அமைந்திருக்கின்றன. அப்படி அடுக்கியும், கடைசிப் பாட்டு கடைசியில்தான் வரவேண்டும் என்று தோன்றுவதுதான் அதிசயம். 1995இலிருந்து மேடைகளில் கிதாருடன் பாடப்பட்ட ‘ட்ரூ லவ் வெயிட்ஸ்’ அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, இங்கே பியானோ மட்டும் சொட்டுச் சொட்டாக விழ, ஆளே மாறி வந்திருக்கிறது.

பியான்சேவின் ‘லெமனேட்’ நான்காவது. அதில் ஜாக் ஒயிட்டோடு சேர்ந்து அவர் சீறும் பாட்டு ஒன்றுக்காகவே தனி வீடியோ போட வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் துக்க வீட்டுக்கென்று தனியாக அடிக்கும் கொட்டு எது, அதற்கு என்ன பெயர் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பறையடிக்கும் அண்ணன்கள் யாராவது பார்த்தால், ஒரு நிமிடம் அடித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் அதையும் குலியானாவின் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.