நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போதா?

நேயர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் வந்துவிட்டால் எங்கள் பட்டறையில் அதிகம் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: “ஏசி குளிரவில்லை, காஸ் நிரப்பிக் கொடுங்கள்.” வண்டி பெரும்பாலும் பழைய ஜென், சான்ட்ரோ, மாருதி 800 என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். இன்ஜின் சூடாகிறதா என்று நாமாகக் கேட்டால்தான், “சிக்னலில் நின்றால் வெப்பம் காட்டும் முள் கொஞ்சம் ஏறும்” என்று பதில் வரும். இரண்டும் வெவ்வேறு கோளாறு என்பது வண்டிக்காரரின் எண்ணம். பல நேரங்களில் அது ஒரே கோளாறுதான்.

பானெட்டைத் திறந்து பாருங்கள். முன் கிரில்லுக்குப் பின்னால் முதலில் ஏசியின் கண்டென்சர், அதை ஒட்டி இன்ஜின் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் மின்விசிறி. காருக்குள் இருந்து உறிஞ்சிய வெப்பத்தைக் கண்டென்சர் காற்றில் கொட்டுகிறது. அப்படிச் சூடான அதே காற்றுதான் அடுத்து ரேடியேட்டருக்குள் நுழைகிறது. காற்றோட்டம் குறைந்தால் ஏசியும் சோர்ந்துவிடும், முள்ளும் ஏறும். அதனால் நான் முதலில் கேட்கும் கேள்வி, இது நிற்கும்போது நடக்கிறதா, ஓடும்போது நடக்கிறதா என்பதுதான்.

நிற்கும்போது மோசம், அறுபது கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் இரண்டும் சரியாகிவிடுகிறது என்றால் விசிறியைப் பாருங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் வண்டிக்கு விசிறியை விட்டால் வேறு கதியில்லை. “விசிறி சுற்றுகிறதே” என்பார்கள். சுற்றினால் போதாது, இழுக்க வேண்டும். ஏசியைப் போட்டுவிட்டு ஒரு செய்தித்தாள் துண்டைக் கண்டென்சரின் முகத்தில் வையுங்கள். விசிறி சுற்றும்போது தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால், மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து வேகம் குறைந்திருக்கலாம். தாள் வெளியே தள்ளப்பட்டால் இன்னும் வேடிக்கை: மோட்டார் மாற்றியவர் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார், விசிறி தலைகீழாகச் சுற்றி எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டுகிறது. விரலை மட்டும் எட்டியே வைத்திருங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகக் கிளம்பும்.

இன்னொரு சோதனை. வண்டியை நிறுத்தியபடியே ஏசியை ஓடவிட்டு, முன்பக்கத்திலிருந்து கண்டென்சர் மீது மட்டும் தண்ணீர் தெளியுங்கள். உள்ளே வரும் காற்று சட்டென்று குளிர்ந்தால், குறை பெரும்பாலும் காஸில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் விரல் அகல இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண், புல் விதை, தட்டான் இறகு, கம்பளி போலத் திரண்ட தூசி எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். சர்வீஸ் ஸ்டேஷனில் உயரழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, மிச்சமிருந்த வழியும் அடைபடும். வீட்டுக் குழாயின் அழுத்தமே போதும். ஓரங்களில் இருந்த ஸ்பாஞ்சுப் பட்டைகள் உதிர்ந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். அவை இல்லையென்றால் பின்னால் போன சூடான காற்று சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வரும்.

நேர்மாறாக, நெடுஞ்சாலையிலும் மலை ஏற்றத்திலும் சூடாகிறது என்றால் அது தண்ணீர் ஓட்டத்தின் பிரச்சினை. வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்புப் படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். மூடியையும் சந்தேகப்படுங்கள். ஏறக்குறைய 0.9 பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரியை நெருங்கும் வரை தாக்குப்பிடிக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்தால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது நம் ஊரில் ஒரு வைத்தியமாகவே நடக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. காலை வேளையில் இன்ஜின் சூடேற நேரமெடுக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், அடைத்த ரேடியேட்டர் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் தப்பிக்கும், அவ்வளவே.

இப்போது காஸ், அதாவது ஏசியைக் குளிரவைக்கும் பொருள். அது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும் இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். கசிவை அடைத்து, குழாய்களை வெற்றிடமாக்கி ஈரத்தை எடுத்த பிறகே நிரப்ப வேண்டும், அதுவும் எடை பார்த்து. எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். ஏசி ஓடாதபோது மீட்டர் காட்டும் அழுத்தம் அளவைச் சொல்லாது. உள்ளே காஸ் திரவமாகக் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும், ஒரே வெயிலில் மீட்டரின் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் கண்டென்சர் கொதித்து, அந்தச் சூடும் ரேடியேட்டர் தலையில்தான் விழும். ஏசிக்குக் காஸ் போட்டுவிட்டு வந்த பிறகுதான் இன்ஜின் சூடாகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ, ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி வந்தாலோ இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கெட், போயிருக்கக்கூடும். அப்போது மேலே சொன்ன எதுவும் உதவாது.

சென்னை ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்துங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள், ஹீட்டரை முழுவதும் திருப்புங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டருக்குள்ளும் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது, பெரிய விசிறி செத்திருந்தாலும் அது வெப்பத்தை இழுத்து வெளியே விடும். அப்படியும் முள் சிவப்பை நெருங்கினால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள், சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள்; ஹெட் வெடித்துவிடக்கூடும். மேலே நின்ற முள் திடீரென்று தானாகக் கீழே இறங்கினால் சந்தோஷப்பட்டு வண்டியைக் கிளப்பிவிடவும் வேண்டாம். தண்ணீர் முழுவதும் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நிற்கும்போதும் முள் அப்படித்தான் இறங்கும்.

நன்றி, வணக்கம்.