கைவிலங்கோடு நின்றவர் ராணுவ அமைச்சரான கதை! | ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ்

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். விலங்கு மாட்டிய கையைத் தூக்கிக் காட்டும் மனிதர்.)

இவர் மேல் என்ன கேஸ் தெரியுமா? டைனமைட் கேஸ்! எமர்ஜென்சியை எதிர்த்து வெடிமருந்து திரட்டினார் என்று 1976இல் பிடித்து உள்ளே போட்டார்கள். 22 வருஷம் கழித்து, இதே ஆள் இந்தியாவின் பாதுகாப்புத் துறை அமைச்சர்.

வணக்கம் மக்களே, மும்பை மாட்டுங்காவிலிருந்து பேசுகிறேன். நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளத்துக்குப் போய்விட்டு வந்து தொழிற்சங்கத் தலைவரானவர்கள் உண்டு. போலந்தின் லெக் வலேசா அப்படித்தான்: ராணுவத்தில் கார்ப்பொரல், அப்புறம் கப்பல் கட்டும் தளத்தில் எலக்ட்ரீஷியன், சங்கத் தலைவர், கடைசியில் ஜனாதிபதி. நம்ம ஜார்ஜ் தலைகீழ். சங்கத்தில் தொடங்கிப் பட்டாளத்தில் வந்து நின்றார்.

பிறந்தது 1930, மங்களூர். பாதிரியாராக்கலாம் என்று 16 வயதில் பெங்களூர் குருமடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெரியவர்களுக்கு உயரமான மேஜை, நல்ல சாப்பாடு. மாணவர்களுக்கு வேறு மேஜை, வேறு சாப்பாடு. பையனுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. கிளம்பிவிட்டார். இந்தச் சாப்பாட்டு மேஜையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1949இல் பம்பாய். ராத்திரி சௌபாத்தி கடற்கரை பெஞ்சில்தான் தூக்கம். நடுராத்திரியில் போலீஸ்காரர் எழுப்பி விரட்டுவார். துறைமுகத் தொழிலாளர், டாக்சி டிரைவர்கள் என்று சங்கம் வளர்ந்தது. பத்து மொழி பேசுவார், அதில் தமிழும் உண்டு. பின்னாளில் ஈழத்தமிழர்களுக்காக டெல்லியில் வெளிப்படையாகக் குரல் கொடுத்ததால் நம்மவர்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

1967 தேர்தலில் தென் பம்பாயில் காங்கிரஸின் எஸ்.கே. பாட்டீலை எதிர்த்து நின்றார். பாட்டீல் என்றால் அன்றைக்கு இந்த ஊரின் முடிசூடா மன்னர். 'கடவுளே வந்தாலும் என்னைத் தோற்கடிக்க முடியாது' என்று அவர் சொன்னதாகப் பேச்சு. ஜார்ஜ் ஆட்கள் விடுவார்களா? 'கடவுளால் முடியாது, உங்களால் முடியும்' என்று போஸ்டர் அடித்து ஒட்டினார்கள். பாட்டீல் காலி! என்னைக் கேட்டால் இந்த ஊர் பார்த்ததிலேயே அசல் மீம் இதுதான்.

1974இல் ஜார்ஜ் தலைமையில் ரயில்வே ஸ்டிரைக்: சுமார் 17 லட்சம் பேர், 20 நாள். அதற்குத் தனி வீடியோவே போட வேண்டும், இங்கே தாண்டுகிறேன். 1977இல் சிறையில் இருந்தபடியே பீகாரின் முசாஃபர்பூரில் 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. தொழில் அமைச்சரானார். அந்தக் காலத்தில்தான் கோகோ கோலா இந்தியாவை விட்டு மூட்டை கட்டியது.

இப்போது 1998. பாதுகாப்புத் துறை. டெல்லியில் அவர் பங்களாவுக்குக் கேட்டே கிடையாது; துணியைத் தானே துவைப்பார். அமைச்சரானதும் வடக்கு எல்லையில் இருக்கும் சியாச்சின் பனிமலைக்குப் போகிறார், திரும்பத் திரும்பப் போகிறார். 18,000 அடிக்கு மேல் காவல் சாவடிகள், குளிர் மைனஸ் 50 வரை இறங்கும். மும்பையில் 18 டிகிரிக்கே நாம் குல்லா போடுகிறோம்! பனியில் ஓட்டும் ஸ்கூட்டர் வேண்டும் என்கிறார்கள் சிப்பாய்கள். ஃபைல் டெல்லி ஏசி ரூமில் தூங்குகிறது. ஜார்ஜ் என்ன செய்தார்? தாமதப்படுத்திய அதிகாரிகளை, போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று அதே சியாச்சினுக்கு அனுப்ப உத்தரவிட்டார்.

குருமடத்து மேஜை ஞாபகம் வருகிறதா?

எல்லாம் புகழ்ச்சி என்று நினைக்காதீர்கள். 2001இல் ராணுவத் தளவாட பேரத்தில் லஞ்சம் என்று தெஹல்கா செய்தித் தளம் ரகசிய கேமராவில் படம் பிடித்து வெளியிட்ட விவகாரத்தில் ராஜினாமா செய்தார், சில மாதத்திலேயே பதவிக்குத் திரும்பினார். அதை இன்றும் குத்திக்காட்டுகிறவர்கள் உண்டு. 2019 ஜனவரியில் காலமானார்.

உங்கள் வீட்டுத் தாத்தா யாராவது 1974இல் ரயில்வேயில் இருந்தாரா? அந்த 20 நாள் அடுப்பு எப்படி எரிந்தது என்று அவரிடம் கேட்டு கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோ அதிலிருந்துதான்.