பாட்டாக்க குரலு அணிலு மாதிரி கேக்குது, ஏன்? பழைய கேசட்ட காப்பாத்துற வழி

மக்களே, வணக்கம். மொதல்ல பெல்ட்டு விஷயத்த சொல்லிருதேன், இல்லேன்னா மனசு ஆறாது. 60 ரூவா. வெறும் 60 ரூவா! போன வீடியோவுல பாத்தியள்லா, அப்பாக்க டூ-இன்-ஒன்னு, ரேடியோவும் கேசட்டும் சேந்த பெட்டி, ஓடாமக் கெடந்தது. ரிப்பேருக்கு கேட்டது 1,800. "மெக்கானிசம் போச்சு, ஆக்கிரிக்குப் போடுங்க"ன்னு ஒரு உபதேசம் வேற. மெக்கானிசம் ஒண்ணும் போகல்ல. போனது உள்ள கெடக்க ஒரு ரப்பர் பெல்ட்டு. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துல 60 ரூவா. மார்த்தாண்டத்துல இருந்து பஸ்ஸு கூலி அதவிட கூடுதலாச்சேன்னு கமென்டுல எழுதாதீங்க. அது எனக்கும் தெரியும்.

சரி, எதுக்கு இந்தப் பாடு? இதக் கேளுங்க.

"லேய், இது ஓடுதா? எங்க ஓடுது? நின்ன எடத்துலதானே நிக்குது?"

இதாக்கும் எனக்க பாட்டா, அப்பாக்க அப்பா. பக்கத்துல மைக்க பிடிச்சுட்டு சிரிக்கது அப்பா. இப்ப ரெண்டு பேரும் இல்ல. இருக்கது இந்த சி-60 கேசட்டு ஒண்ணு. சைடுக்கு 30 நிமிஷம். மேல அப்பாக்க கையெழுத்துல "பழைய பாட்டு 4"ன்னு லேபிலு. அவிய லேபில நம்பி ஒரு காரியம் செய்யப்பிடாது. மொளகு டப்பாவுல சீரகம் வச்சிருப்பாவ.

உங்க வீட்டுலயும் இப்பிடி ஒண்ணு பரணுல கெடக்கும். எடுத்த உடனே போட்டு ஓட்டாதீங்க. வெளிச்சத்துல பிடிச்சு, கண்ணாடி வழியா நாடாக்க ஓரத்த பாருங்க. வெள்ளையா பொடி மாதிரி இருந்தா பூஞ்சணம். நம்ம ஊருல இடவப்பாதி ஒரு மழை, துலாத்துல ஒரு மழை, பூஞ்சணம் வராம இருந்தாத்தான் அதிசயம். அப்பிடியே ஓட்டினா நாடாவ படிக்க ஹெட்டுல ஒட்டும், அதுல இருந்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டு போட்ட டப்பாவுல நாலஞ்சு நாளு மூடி வச்சு ஈரம் போக்கணும். பெறவு மாஸ்க்கு போட்டு, வெளித்திண்ணையில வச்சு, மெல்லிய பிரஷால தட்டி எடுக்கணும். வெயிலுல காய வைக்கப்பிடாது, நாடா சுருளும்.

அடுத்தது பேடு. நாடாவ ஹெட்டோட சேத்து அமுக்க, நடுவுல செம்பு நிறத் தகடுல ஒரு சின்ன பஞ்சுத் துண்டு இருக்கும். பசை காஞ்சு இதுதான் மொதல்ல விழும். விழுந்தா குரலு போர்வைக்குள்ள இருந்து பேசின மாதிரி வரும். ஓடாத வேற ஒரு கேசட்டுல இருந்து தகடோட எடுத்து மாத்துங்க. மூடியில அஞ்சு ஸ்க்ரூ, சின்ன ஸ்டாரு. தொறக்கும்போ மேசையில படுக்க வச்சு தொறங்க, தூக்கிப் பிடிச்சா ரெண்டு மூலை உருளையும் கட்டிலுக்கு அடியில போவும். ஸ்க்ரூ இல்லாம ஒட்டின கேசட்டானா ஓரத்துல கத்தி வச்சு பைய நெம்பி, ரெண்டு சக்கரத்தையும் ஒரு ஸ்க்ரூ கேசட்டுக்கு மாத்தணும். நாடா அறுந்து கெடந்தா செலோடேப்பு வேண்டவே வேண்டாம், பசை ஒழுகி அடுத்த சுத்துல ஒட்டும். இதுக்குன்னே ஸ்ப்ளைசிங் டேப்பு இருக்கு. ரெண்டு முனையையும் சரிவா வெட்டி, சேத்து வச்சு, உள்பக்கத்துல ஒட்டணும். வெளிப்பக்கம்தான் ஹெட்டத் தொடும், அதுல பசை படப்பிடாது.

அய்யோ, மறந்துட்டேன்! இது மொதல்ல சொல்லியிருக்கணும். கேசட்டுக்க மேல் ஓரத்துல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அத உடைங்க. இப்பவே. ஏ சைடு உங்களப் பாத்து இருக்கும்போ இடப்பக்கம் இருக்கது ஏ சைடுக்கு. உடைச்சா ரெக்கார்டு பட்டன் அமுங்காது. அப்பா அத்தன பாட்டு கேசட்டுலயும் ஒழுங்கா உடைச்சு வச்சிருக்காவ, சொந்த அப்பாக்க குரலு இருக்க இந்த ஒண்ணுல மட்டும் உடைக்கல்ல. யாரோ கை தவறி அமுக்கி, பாட்டா தேங்கா கணக்கு சொல்லிட்டு இருக்கும்போ 11 விநாடி ஒரு டூயட்டு வருது.

இனி பெல்ட்டு. பழைய ரப்பரு உருகி தாரு மாதிரி ஒட்டிக் கெடக்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலு, காது பட்ஸு. கை கழுவுற சானிடைசரு ஆவாது, அதுல தண்ணியும் கிளிசரினும் உண்டு. சக்கரத்துக்க பள்ளம் பூரா தொடச்சு எடுத்துட்டு, பழைய பெல்ட்டு ஓடின வழியில நூலு சுத்தி அளந்து, அதுல 5 சதவீதம் கொறைச்சு வாங்குங்க. நூலு 30 சென்டிமீட்டர்னா பெல்ட்டு 28.5. ரொம்ப இறுக்கம்னா மோட்டார் திணறும். தொளதொளன்னு இருந்தா சுத்துற பக்கம் நின்னு போயி, மெஷினு நாடாவ தின்னுரும். அதே ஆல்கஹால வச்சு ஹெட்டு, ரப்பர் உருளை ரெண்டையும் தொடச்சுருங்க.

இவ்வளவும் செஞ்சு ஓட்டினா, பாட்டா அணிலு மாதிரி பேசுதாவ! கீச்சு கீச்சுன்னு. ஆறடி மனுசன்.

மெஷினுக்க கொறை இல்ல. காரணம் நாடாவுலயே இருக்கு. 12-வது நிமிஷத்துல பாட்டா கேக்குதாவ, "கட்டைய வெயிலுல வச்சியா?" அப்பா புதுக் கட்டை வாங்க மாட்டாவ, தீந்த பேட்டரிய ஓட்டு மேல காய வச்சு திரும்பப் போடுவாவ. கரண்டு கொறைஞ்சா ரெக்கார்டு பண்ணும்போ நாடா பைய ஓடும். இப்ப சரியான வேகத்துல, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்ல ஓட்டினா, குரலு உச்சத்துக்குப் போவும். கட்டை தீரத் தீர இன்னும் மேல. கடைசி அஞ்சு நிமிஷம் அணிலுக்கு குட்டி.

எவ்வளவு கொறைக்கணும்னு எப்பிடித் தெரியும்? காத நம்பாதீங்க. எங்களுக்கு கை கொடுத்தது சுவருல தொங்குற பெண்டுலம் கடியாரம். நாடாவுல பின்னால டிக் டிக்குன்னு கேக்குது, இப்பவும் அதே சுவருல ஓடுது. நேருல எண்ணினா நிமிஷத்துக்கு 120 டிக்கு. அப்ப 20 டிக்கு 10 விநாடி. கம்ப்யூட்டருல அடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேருல அலையப் பெருசாக்கி அளந்தா, தொடக்கத்துல 9.8, நடுவுல 9.5, கடைசியில 9.1. அதனால அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் 0.98, 0.95, 0.91ன்னு வேகத்த மாத்துங்க. வேகமும் சுருதியும் சேந்து மாறுற எஃபெக்டு வேணும். தனி சுருதி, தனி டெம்போ எடுத்தா குரலு ரோபோ ஆயிரும்.

அந்தக் கடியாரம் நாளுக்கு ரெண்டு நிமிஷம் பின்னால போவும், அது கணக்கு தப்பாதான்னு கேப்பிய. 1,440 நிமிஷத்துல ரெண்டு, 0.14 சதவீதம், எந்தக் காதுக்கும் தெரியாது. பெண்டுலத்துக்கு அடியில இருக்க நட்ட யாரும் தொடப்பிடாதுன்னு பாட்டா உத்தரவு. அவிய கணக்குல கடியாரம் சரி, ரேடியோக்காரன்தான் முந்திப் போறான். நல்லவேள, யாரும் தொடல்ல.

கம்ப்யூட்டருக்கு எடுக்கது சுருக்கமா: ஹெட்போன் ஓட்டையில இருந்து ஸ்டீரியோ வயரு, யூஎஸ்பி ஆடியோ டப்பாவுக்க லைன்-இன்னுக்கு. லேப்டாப்புல நேரா சொருகாதீங்க, அது மைக்கு ஓட்டை, இரைஞ்சு உடையும். சத்தம் மைனஸ் 6 டெசிபெலத் தாண்டப்பிடாது. வேவ் ஃபைலு, சைடுக்கு 300 எம்பி சொச்சம். வாட்ஸாப்புல சொந்தக்காரங்களுக்கு டாக்குமென்டா அனுப்புங்க. ஆங், ஹெட்டு பக்கத்துல ஸ்பிரிங்கு வச்ச ஒரு ஸ்க்ரூ, அதுதான் அசிமத்து, ஹெட்டுக்க சாய்வ சரி பண்ணுறது. ஓடும்போ கால் சுத்து அங்க இங்க திருப்பி, "ச", "ஸ" தெளியுற எடத்துல விடுங்க. பதிவான அதே மெஷினானா பெரும்பாலும் தொடவே வேண்டாம்.

இன்னொரு எரிச்சல். இப்ப எல்லாரும் ஒரே தட்டுல இரைச்சல நீக்குற ஆப்ப போடுதாவ. போட்டுப் பாத்தேன். இரைச்சலோட பாட்டாக்க இருமலையும், வெத்தல துப்புற சத்தத்தையும், கடியாரத்தையும் நீக்கிட்டு, தண்ணிக்குள்ள யாரோ பேசுற மாதிரி ஆக்கிட்டு. இருமாத பாட்டா எனக்கு எதுக்கு? கொறைக்கணும்னா 6 டெசிபெலு போதும்.

இப்ப சரியான வேகத்துல அந்த எடம். திருவிதாங்கூர் காசு சொல்லுதாவ.

"16 காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் நம்ம ரூவா. வெள்ளக்காரனுக்க ரூவாய்க்கு இருவத்தெட்டரச் சக்கரம். அந்த அரச் சக்கரம் எதுக்குன்னு கேளு."

"எதுக்கு?"

"நீ கேக்கணும்னுதாம்ல."

பி சைடுல புதுக் கட்டை போட்டிருக்காவ, கடியாரம் டக்குன்னு 10 விநாடி காட்டுது. அதுல அப்பா பாட்டு பாடுதாவ. சுருதி எங்கயோ போவுது. நானும் மூணு தடவ அளந்துட்டேன், வேகம் சரியாத்தான் இருக்கு.