வரம் கொடுக்காத பூசாரிகள்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, உடல்நலத்தையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அம்மா அவர்களே, இந்த அரங்குக்கு மின்விசிறிகளை நன்கொடையாக அளித்த வணிகர் சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே (ஒன்று மட்டும் சுற்றவில்லை, நாளை யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்), எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தோழர்களே, பள்ளிச் சீருடையோடு வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் அரசியல் எழுதுகிறவர்களுக்கு ஜாமீன், அந்தரங்கம், கருத்துரிமையின் எல்லை என மூன்று பொருள்களை அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள். மூன்றையும் தொடுகிறேன். எதில் நெடுநேரம் நிற்பேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார்." இந்தப் பழமொழியை நான் சொல்லாத மேடை இல்லை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். நீதிமன்ற வளாகத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள், பிறகு நீங்களும் சொல்வீர்கள்.

முதலில் வாடிப்பட்டிக் கதை. நடந்தது 2021இல். இடதுசாரிக் கட்சி ஒன்றின் நிர்வாகி, அறுபதைக் கடந்தவர், மகளோடும் மருமகனோடும் சிறுமலைக்குச் சுற்றுலா போனார். சிறுமலைக்குப் போகிறவர்கள் வாழைப்பழம் வாங்கி வருவார்கள். இவர் படங்கள் எடுத்து வந்தார். அவற்றை முகநூலில் ஏற்றி, மேலே ஒரு வரி எழுதினார்: "துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலை பயணம்." படத்தில் மலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. துப்பாக்கி இல்லை. வாடிப்பட்டி போலீசாருக்கு மட்டும் அது கண்ணில் பட்டுவிட்டது! வழக்குப் பதிந்தார்கள். என்ன பிரிவு என்று நினைக்கிறீர்கள்? பொது இடத்தில் பொய்த் தகவல் பரப்பியது என்றால்கூடப் போகட்டும். இந்தியத் தண்டனைச் சட்டம் 122, அதாவது அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆளும் ஆயுதமும் திரட்டுவது! அதோடு கூட்டுச்சதிப் பிரிவும். மகளும் மருமகனும்தான் படை போலும்.

பெரியவரைக் கைது செய்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். வழக்கமாக என்ன நடக்கும்? தாளைப் புரட்டி, 15 நாள் காவல் என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் அப்படிச் செய்யவில்லை. தாளைப் படித்தார். சிறைக்கு அனுப்ப மறுத்துவிட்டார். என் பழமொழியையே தலைகீழாக்கி, அங்கே பூசாரியே முதலில் வரம் கொடுத்துவிட்டார்!

வழக்கை ரத்து செய்யக் கோரி அந்தப் பெரியவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். சிரிப்பதை ஓர் அடிப்படைக் கடமையாகவே அரசியல் சட்டத்தில் சேர்க்கலாம் என்ற பேச்சோடு அது தொடங்குகிறது. வாரணாசி முதல் வாடிப்பட்டி வரை புனிதப் பசுக்கள் மேய்கின்றன, அவற்றைக் கேலி செய்ய யாருக்கும் துணிச்சல் இல்லை என்கிறது. புரட்சிக்காரர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று பொதுவாக யாரும் சொல்வதில்லை, இவர் ஒரு மாறுதலுக்கு முயன்றிருக்கிறார் என்று மனுதாரரையும் ஒரு குத்து குத்துகிறது. வழக்கு ரத்து. மாஜிஸ்திரேட்டுக்குப் பாராட்டு. அந்தத் தீர்ப்பில் நான் பிடித்துக்கொள்வது இந்தப் பாராட்டைத்தான். காவலுக்கு அனுப்பும் முன் தாளைப் படித்த ஒருவரைப் பாராட்டியாக வேண்டும் என்றால், படிக்காமல் கையெழுத்திடுகிறவர்கள் எத்தனை பேர்?

எல்லை எது என்பதை விரைவாகச் சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று 19(2) எல்லை வகுக்கிறது. எரிச்சலூட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை. எரிச்சலூட்டும் பதிவுக்கும் மூன்றாண்டு சிறை என்றது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அடியோடு செல்லாது என்று அறிவித்தது. 2021இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சியடைந்தது, செத்த சட்டத்தில் காவல் நிலையங்கள் இன்னும் வழக்குப் பதிந்துகொண்டிருந்ததைக் கண்டு! சாமி வரம் கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகியும் பூசாரிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

இனி என் பொருளுக்கு வருகிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்றொரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்தது. கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றது. கொத்தனார் மறுபடி தில்லிக்கு எழுதினார். 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியின் பேரில், அவரை விடச் சொன்னார். ஒரு மலையாளியோ தமிழரோ பஸ்தாரிலோ போர்ட் பிளேரிலோ சிக்கிக்கொண்டால், அந்த ஊரில் நிலம் வைத்திருக்கும் ஆளுக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இன்றைய உருவம் இருக்கிறது. 2017இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதைக் குறித்துக் கேலிச்சித்திரம் வரைந்து இணையத்தில் வெளியிட்ட பாலாவை, சென்னைப் புறநகரில் அவர் வீட்டில் கைது செய்து 600 கிலோமீட்டருக்கு அப்பால் நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே ஜாமீன் கிடைத்தது. அவருக்காகக் குரல் கொடுக்கப் பத்திரிகை உலகம் இருந்தது. பெயர் தெரியாத ஒரு கல்லூரி மாணவனுக்கு அந்தத் தொலைவில் யார் இருக்கிறார்கள்?

நம் நீதிமன்றத்தில் நடப்பதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை உத்தரவு வரும். இரண்டு ஜாமீன்தாரர், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, மூன்று புகைப்படம். அப்பா கூண்டில் ஏறி நின்று, "எதிரியைத் தெரியுமா?" (குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதிமன்றம் வைத்திருக்கும் பெயர் அது) என்ற கேள்விக்குத் தன் மகனைத் தெரியும் என்று பதில் சொல்ல வேண்டும். வரி ரசீது பெரியப்பா பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். திங்கட்கிழமை எல்லாம் சரியானாலும், உத்தரவு சிறை வாசலைத் தொடுவதற்குள் அன்றைய விடுதலை நேரம் முடிந்திருக்கும். வெளியே வந்த பிறகு தினமும் காலை 10.30க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. ரைட்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தால், அவர் வரும்வரை மர பெஞ்சில் காத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிற பையன் எந்த முதலாளியிடம் என்ன சொல்வான்?

உச்ச நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணம் எழுதாமல் கைது செய்யாதே என்று 2014இலும், உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம் என்று 2023இலும் சொன்னது. செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் பத்திரிகையாளர் முகமது ஜுபைருக்கு 2022இல் ஜாமீன் கொடுத்தபோது, ட்வீட் போடக் கூடாது என்று நிபந்தனை கேட்ட உத்தரப் பிரதேச அரசுக்கு மறுத்துவிட்டது. யூடியூபர் சாட்டை துரைமுருகன் வழக்கில் 2024 ஏப்ரலில் நீதிபதி ஓகா, தேர்தலுக்கு முன்னால் யூடியூபில் குற்றம் சாட்டுகிறவர்களை எல்லாம் உள்ளே போட ஆரம்பித்தால் எத்தனை பேரைப் போடுவீர்கள் என்று அரசுத் தரப்பைக் கேட்டார். துரைமுருகனுடைய அரசியல் எனக்கு ஒவ்வாது, அது வேறு. சாமி இத்தனை முறை வரம் கொடுத்துவிட்டது. மீதியை நீங்களே சொல்லுங்கள்.

அந்தரங்கத்துக்கு நேரமில்லை, பேராசிரியர் மன்னிக்க வேண்டும். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக எழுந்த வழக்கில்தான், 1994இல் அந்தரங்க உரிமையும் பத்திரிகை உரிமையும் நேருக்கு நேர் நின்றன. வெளியாகும் முன்பே தடை கேட்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்ற விதி நம் மண்ணின் வழக்கில் பிறந்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். என் பொருளோடு ஒட்டுவது 2024 ஜூலைத் தீர்ப்பு: ஜாமீனில் இருப்பவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது. பறிமுதல் செய்த கைப்பேசியின் கதையை இன்னொரு கூட்டத்தில் பேசலாம்.

இப்போது வாசலில் இருக்கும் மனு. பேச்சுக்காகவும் எழுத்துக்காகவும் போடப்படும் வழக்குகளில், வன்முறைத் தூண்டல் இல்லாதபோது, முதல் நாளிலேயே சொந்த ஜாமீன். ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாதவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்த ஜாமீனில் விடச் சொல்லும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவை, நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். தினக் கையெழுத்துக்குப் பதில் வாய்தா நாளில் ஆஜரானால் போதும். இந்த மூன்றையும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கப்போகிறோம். நீதிபதி அம்மா முதலில் கையெழுத்திட இசைந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. பேனா அண்ணாச்சியிடம் இருக்கிறது. தலைவர் மணியடிக்கிறார். சிற்றுண்டிக்கு முன்பாகவே முடித்துவிடுங்கள், சாப்பிட்ட கையோடு தொட்டுத் தாளில் எண்ணெய் படிந்துவிடுகிறது.