வளவுக்கு மேலே திருவாதிரை

நேயர்களுக்கு வணக்கம்.

நட்சத்திரங்களைப் படமெடுக்க மலை உச்சிக்குப் போக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். செட்டிநாட்டில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் பக்கம் பழைய வீடு இருக்கிறவர்களுக்கு வளவு முற்றமே, அதாவது வீட்டின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றமே, போதும் என்பேன். மொட்டை மாடியில் நின்றால் தெருவின் எல்.இ.டி. விளக்கு கண்ணில் அடிக்கிறது. முற்றத்தில் நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் அதை மறைத்துவிடும். மேலே சதுரமாக வானம் மட்டும் மிஞ்சும்.

அந்தச் சதுரத்தின் வழியாகத்தான் திருவாதிரை (ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ்) நட்சத்திரம் போகிறது. காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. திருவாதிரை வானநடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போவதாகக் கொள்ளும் கோடு) வடக்கே 7 பாகைக்குச் சற்று மேல். அதனால் நம் ஊரில் அது கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வரும். முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தபடி, "அந்தா செவப்பா இருக்கு பாரு, அதான் ஆதிரை" என்று என் அப்பத்தா காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்கழித் திருவாதிரை அன்று படம் சரிவராது. பௌர்ணமியை ஒட்டி வருகிற நாள், நிலா பக்கத்திலேயே இருக்கும். தை அமாவாசை வரை பொறுங்கள். மழை ஓய்ந்திருக்கும், நட்சத்திரமும் இரவு ஒன்பது, பத்து மணிக்கே உச்சிக்கு வந்துவிடும்.

கேமரா இல்லையா? துண்டை நாலாக மடித்து முற்றத்துத் தரையில் போட்டு, அதன்மேல் செல்போனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பின்பக்கக் கேமரா நேராக உச்சியைப் பார்க்கும். நைட் மோடு, மூன்று விநாடி டைமர். கை படாததால் படம் அசையாது.

கேமரா இருந்தால் ட்ரைபாட் வேண்டும். 18 மி.மீ. லென்ஸ், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 3200, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 15 விநாடி என்று தொடங்கலாம். நட்சத்திரங்கள் மணிக்கு 15 பாகை நகர்கின்றன. நேரம் கூடினால் புள்ளி அரிசி மணிபோல நீண்டுவிடும். துருவ நட்சத்திரம் அசைவதே தெரியாது, திருவாதிரை அப்படி இல்லை.

ஃபோகஸில்தான் நான் ஒரு வருஷம் தடுமாறினேன். வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் சரி என்று நினைத்தேன். படமெல்லாம் பொரி பொரியாக வந்தது. பல லென்ஸ்களில் வளையம் சரியான இடத்தைத் தாண்டியும் திரும்பும். ஆட்டோ ஃபோகஸை நிறுத்துங்கள். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, புள்ளி எவ்வளவு சிறுக்கிறதோ அதுவரை மெதுவாகத் திருப்புங்கள். அப்புறம் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பனி இறங்கும், லென்ஸை அடிக்கடி பாருங்கள்.

2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அது வெளியேற்றிய வாயு குளிர்ந்து தூசியாகி அதையே மறைத்தது என்று பின்னால் விளக்கினார்கள். என் படங்களிலேயே அது தெரிந்தது. முன்பு ரோகிணி நட்சத்திரத்தைவிடப் பிரகாசமாக இருந்தது, அப்போது ரோகிணியைவிட மங்கியிருந்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே அளவுகளில் எடுத்திருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது.

ஆகவே இந்தத் தையில் செல்போனைக் கவிழ்த்த இடத்தைச் சுற்றிக் கோலப்பொடியால் ஒரு கோடு போட்டு, எந்தத் தூணிலிருந்து எத்தனை அடி என்று குறித்து வையுங்கள். மாசியிலும் அங்கேயே வைக்கலாம்.